வாலில் குறைந்த இரண்டு கிலோ

ஒகேனக்கல் போகும் சாலையில் காலை எட்டரை மணிக்கு நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, பல் விளக்கும் பிரஷ், அப்புறம் ஒரு விமானத்தின் பிடி.

எதிரில் ஊரே வந்துகொண்டிருந்தது. ஒரு மொபெட் என் பக்கத்தில் நின்றது. ஓட்டியவருக்குப் பின்னால் மனைவி, முன்னால் இரண்டு பிள்ளைகள்.

"ஏனுங்ணா, ஏரோப்ளேன் வுடற எடம் இன்னும் எவ்ளோ தூரமுங்க?"

"ரெண்டு கிலோமீட்டருங்க. பந்தல் தெரியும்."

"வுட்டுட்டாங்களா?"

"இல்லீங்க. இன்னைக்கி பறக்காதுங்க."

அவர் முகம் வாடிவிட்டது. பின்னால் இருந்த அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டார்: "சாப்பாடு?"

"அது உண்டுங்க. கறிச்சோறு."

"அப்பறம் என்னாத்துக்கு ரோட்டுல நின்னு பேசிக்கிட்டு? போங்க."

இதே பதிலை ஏழெட்டுப் பேரிடம் சொன்னேன். பறக்காது என்று அத்தனை உறுதியாக எப்படிச் சொல்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்திருக்கும்.

விமானம் கட்டும் நம் கொட்டகைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் என்னைவிடப் படித்தவர்கள். நான் ஏழாவது வரை. ரிவெட் அடிப்பது, இறக்கைக்குத் துணி ஒட்டுவது, இன்ஜின் பொருத்துவது எல்லாம் பெட்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. படமும் போட்டிருக்கிறான். இங்கிலீஷ் தெரியாத நானே படத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். எனக்குக் கண் மங்கி, தராசில் எரியும் எண் தெரியாமல் போனதால் போன மாதம் வேலையை விட்டேன். கிளம்பும்போது பைலட்டம்மா, புத்தகத்தில் இல்லாத ஒன்றை இவர்களுக்கு எழுதிக் கொடு என்றார். எது என்று கேட்டேன். "நீ கைப்பிடியைத் திருடிக்கிட்டுப் போனியே, அது" என்றார்.

எழுதுகிறேன். திருடச் சொல்லித் தருவதற்காக அல்ல.

நம் முதலாளியை நீங்கள் இப்போது பார்க்கிறீர்கள். பதினைந்து வருடம் முன்பு அவர் இன்னும் கனமாக, இன்னும் சத்தமாக இருந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்தார். முப்பது வருடம் பூமியை ஓட்டை போட்டவர். ஒரு நாள் பென்னாகரம் பக்கம் ஆயிரத்து நூறு அடி இறக்கியும் வெறும் புகைதான் வந்ததாம். வண்டியை நிறுத்திவிட்டு, "கீழ போனது போதும், இனி மேல போலாம்" என்றாராம். ஆறு மாதத்தில் கடல் தாண்டி மரப்பெட்டிகள் வந்தன. பெட்டிக்குள் துண்டு துண்டாக ஒரு விமானம். இரண்டு சீட், ஒன்றின் பின் ஒன்று. தனியாகப் பறப்பவர் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும். மூக்குக்குக் கீழே இரண்டு சக்கரம், வாலுக்குக் கீழே சிறியதாக ஒன்று.

அதைக் கட்டியவர் பைலட்டம்மா. ஓசூர்க்காரர், வீட்டில் தெலுங்கு. பிளையிங் கிளப்பில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவரை முதலாளி பேசி அழைத்து வந்தார். கோபம் வந்தால் தமிழில் திட்டுவார். பயம் வந்தால் சத்தமே இருக்காது. உதட்டுக்குள் தெலுங்கில் எண்ணிக்கொண்டிருப்பார். அவர் திட்டிக்கொண்டிருக்கும்வரை எல்லோரும் நிம்மதியாக வேலை செய்வோம்.

நான் அங்கே வந்தது விமானத்துக்காக அல்ல, தராசுக்காக. செங்கல் சூளை, பெங்களூரில் ஓட்டலில் டம்ளர் கழுவியது, லாரியில் கிளீனர், கரும்பு வெட்டு என்று சுற்றிவிட்டு, நாற்பது வயதில் அரூர்ப் பக்கம் ஒரு புளி மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே நான்கு வருடம். ஒரே இடத்தில் நான் அவ்வளவு காலம் இருந்தது அதற்கு முன் இல்லை. விமானத்தை எடை போட மூன்று தராசு வேண்டும் என்று முதலாளி மண்டியில் கேட்டார். முழங்கால் உயரக் கம்பத்தில் சிவப்பாக எண் எரியுமே, அந்தத் தராசு. கொடுத்த மண்டிக்காரர் அவற்றுக்குக் காவலாக என்னையும் அனுப்பினார். வேலை முடிந்ததும் இரண்டு தராசு திரும்பிப் போயின. ஒன்று விருந்துக்கு ஆடு நிறுக்க என்று தங்கியது. நான் அதனோடு தங்கினேன். இன்ஜின் வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்து அதற்குள் படுத்துக்கொண்டேன். மழை பெய்யாதவரை நல்ல வீடு. பெயர் கேட்க யாருக்கும் நேரமில்லாததால் எல்லோருக்கும் நான் 'தராசு' ஆனேன்.

விமானத்தை எதற்கு எடை போடுகிறோம் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் என் பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் எவ்வளவு பாரம் என்று தெரிந்தால், மொத்தப் பாரமும் எந்த இடத்தில் நிற்கிறது என்று கணக்குப் போடலாம். அந்த இடம் ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும். எல்லை தாண்டிப் பின்னால் போனால் வால் கனத்துவிடும். வால் கனத்த விமானம் மேலே போனதும் மூக்கைத் தூக்கிக்கொண்டே போகும். எவ்வளவு தள்ளினாலும் இறக்காது. அப்புறம் விழும். வால் வெகு தூரம் பின்னால் இருப்பதால் அங்கே ஒரு கிலோ என்பது ஒரு கிலோ அல்ல.

எடை போட்ட நாளில் வாலைத் தூக்கி ஸ்டூல் மேல் தராசை வைத்து, கொத்தனாரின் ரசமட்டத்தை முதுகில் வைத்துப் பார்த்து, விமானத்தை மட்டமாக நிறுத்தினோம். நான் தராசருகே நின்று எண்ணைச் சொன்னேன். பைலட்டம்மா ரசமட்டத்தின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் தாளில் எழுதினார். மண்டியில் எப்படிக் கூவுவேனோ அப்படியே ராகமாகக் கூவினேன். வால் இருபத்திரண்டு கிலோ. பின் சீட்டில் தன் எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். பின் எல்லைக்கு ஒரு விரல் அகலம் உள்ளே நின்றது. "ஒரு வெரல்தான் இருக்கு, ஆனா உள்ளதான் இருக்கு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம். முதலாளி சொந்தம் பந்தம் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பந்தல், மேளம், மைக் செட், இரண்டு ஆடு. விமானத்துக்கு மூக்கில் ஒரு மாலை, வாலில் ஒரு மாலை. சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம். முன் சீட்டின் பிடி முதல் பறப்பில் எதிலும் இடிக்கக்கூடாது என்று பைலட்டம்மா சொல்ல, முதல் நாளே அதைக் கழற்றிவைத்திருந்தேன். பின் சீட்டின் பிடி மட்டும் இருந்தது. இரண்டு காலுக்கு நடுவில் நின்று விமானத்தை ஏற்றி இறக்கித் திருப்புமே, அதுதான். அது இல்லாமல் விமானம் வெறும் தகரப்பெட்டி.

காலை ஆறு மணிக்கு ஆட்டுக்காரர் வந்தார். ஆட்டைத் தூக்கித் தராசில் நிறுத்தினோம். நான் பார்த்தேன். கூவினேன்.

"இருபத்தொம்பதரை!"

"யோவ், மெஷின்ல முப்பத்தொண்ணரைன்னு எரியுது. நீ என்னா இருபத்தொம்பதரைங்கற?"

"சாக்குக் கழிவு ரெண்டுங்க."

"என்னாது?"

"சாக்குக்கும் தூசிக்கும் ரெண்டு கிலோ கழிப்பாங்க. மண்டி வழக்கம்."

ஆட்டுக்காரர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். "ஆடு எந்த சாக்குல வந்துச்சுப்பா? அது தோலோட வந்துச்சு!"

பந்தலே சிரித்தது. சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பாதியில் என் சிரிப்பு நின்றுபோனது.

நான்கு வருடமாக ஒரு நாளைக்கு இருநூறு மூட்டை. கண் ஓர் எண்ணைப் பார்க்கும், வாய் இரண்டு குறைத்துக் கூவும். விமானத்தை எடை போட்ட அன்றும் அப்படித்தான் கூவினேனா? யோசித்துப் பார்த்தேன். எரிந்த எண் ஞாபகம் வரவே இல்லை. நான் கூவிய ராகம்தான் ஞாபகம் வந்தது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை மறைக்கக்கூடாது. உடனே ஓடிப்போய்ச் சொல்லவில்லை. முதலில் ஒரு டம்ளர் டீ குடித்தேன். ஒருவேளை அன்று சரியாகச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். இரண்டு கிலோவில் என்ன ஆகிவிடும் என்றும் நினைத்தேன். சொன்னால் அந்தப் பெட்டி வீடும் போய்விடும் என்று நினைத்தேன். டீ முடிந்தது. இறக்கைக்குக் கீழே பைலட்டம்மா ஷூவின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கணவரும் பெண்ணும் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதாக முதல் நாள் சொல்லியிருந்தார். போய்ச் சொன்னேன்.

"நெஜமா ஞாபகம் இல்லையா?"

"இல்லீங்க மேடம். கண்ணு பாத்ததுக்கும் வாய் சொன்னதுக்கும் நடுவுல நான் இல்லீங்க."

அவர் திட்டவில்லை. "தராசைத் தூக்கிட்டு வா. ஸ்டூலும்" என்றார்.

வாலை ஏற்றி மட்டம் பார்த்தோம். இந்த முறை அவரே குனிந்து எண்ணைப் பார்த்தார். இருபத்தைந்து. உதடு அசைய ஆரம்பித்தது: ஒகட்டி, ரெண்டு, மூடு...

முதலாளி வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. "என்னாம்மா, நல்ல நேரத்துல ஸ்டூல் போட்டு ஏறிக்கிட்டு?"

அம்மா விஷயத்தைச் சொன்னார்.

"அது மாலை எடைம்மா! எவ்ளோ பெரிய மாலை!"

மாலையை எடுத்தோம். இருபத்து நாலு.

"எலுமிச்சம்பழம்."

எடுத்தோம். இருபத்து நாலு.

"பனி. காலங்காத்தால பனி எறங்கியிருக்கும்."

முதலாளியே துண்டால் வாலைத் துடைத்தார். இருபத்து நாலு.

"அப்ப தராசு தப்பு" என்றார்.

அதைச் சோதிப்பது சுலபம்தானே என்று அவருடைய கொழுந்தியா தராசில் ஏறினார். வந்த சொந்தத்தில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. "போன மாசம் ஆஸ்பத்திரில பாத்தேன். அறுவத்தெட்டு" என்று முன்னாலேயே சொல்லிவிட்டு ஏறினார். தராசு எழுபத்து நாலு காட்டியது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல, தராசு தப்புன்னு!" என்றார் முதலாளி.

அம்மா ஏறிக் காட்டினார். ஐம்பத்திரண்டு, எப்போதும் உள்ளது. அரிசி மூட்டையை ஏற்றிக் காட்டினேன். அதுவும் சரியாக இருந்தது. பயனில்லை. தராசு சரி என்று சொன்னால் கொழுந்தியா பொய் சொல்கிறார் என்று ஆகும். அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்ல ஓர் ஆண்மகன் இல்லை. அரிசி மூட்டைக்குப் பரிந்து பேச யார் இருக்கிறார்கள்?

"நான் ஒக்காரமாட்டேன் சார்," என்றார் பைலட்டம்மா. "மூணு சக்கரத்தையும் மறுபடி போட்டாகணும். கணக்கு எல்லைக்கு வெளிய போயிடுச்சு."

"வந்திருக்கறவங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

"நாளைக்குன்னு சொல்லுங்க."

"நாளைக்கு அஷ்டமி!" முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். "நீங்க வராட்டி போங்க. நானே வுடறேன். நானும் பதினஞ்சு மணி நேரம் கத்துக்கிட்டவன்தான்."

பதினைந்து மணி நேரமும் பக்கத்தில் ஆள் இருந்து கற்றது. தனியாக ஒரு முறைகூட இறக்கியதில்லை. அது இருக்கட்டும். நான்கு வருடம் மூட்டை பார்த்த என் கண் அவரை நூற்றுப் பத்துக்குக் குறைத்து மதிக்கவில்லை. ஐம்பத்திரண்டு கிலோ அம்மா உட்கார்ந்தாலே எல்லைக்கு வெளியே. அதே பின் சீட்டில் நூற்றுப் பத்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாளும் பேனாவும் தேவையில்லை. அவரைத் தராசில் ஏறச் சொன்னார் அம்மா. "தப்பான தராசுல நான் எதுக்கு ஏறணும்?" என்றுவிட்டார்.

அம்மா சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். முதலாளி சிரித்தார். ஒரு துண்டு வயர் இருந்தால் எந்த இன்ஜினையும் கிளப்புகிற மனிதர் அவர். அவருக்குச் சாவி ஓர் அலங்காரம்.

அந்த நேரத்தில் கொழுந்தியா வளையல், சங்கிலி எல்லாம் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு இரண்டாம் முறை தராசில் ஏறப் போனார். ஊர் முழுதும் அங்கே திரும்பியது. நான் விமானத்தின் மறுபக்கம் போனேன். கதவுக்குள் கையை விட்டேன். ஒரு பின், ஒரு போல்ட். முன் சீட்டில் கழற்றிய அதே வேலைதான். அவசரத்தில் பின் கீழே விழுந்தது. தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். அதுவரை என் பிழைப்பில் நான் எதையும் திருடியதில்லை. ஓட்டலில் பசியோடு வடை அடுக்கியபோதுகூட.

திரும்பி வந்தபோது முதலாளி என்னைப் பார்த்துவிட்டார். கோபம் இறங்க ஓர் இடம் அவருக்கும் வேண்டியிருந்தது.

"எல்லாம் இவனால. தப்பா சொன்னவன் தப்பாவே வுட்டிருக்கக்கூடாதா? நல்ல நாளு அதுவுமா... டேய் தராசு, பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பு!"

சொன்னபடியே தூக்கினேன். பைலட்டம்மா என்னைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார். பிடியின் ரப்பர் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கொடையும் எடுத்துக்கிட்டியா? நல்லது. மழ வரும்," என்றார்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை.

இப்படித்தான் அந்தச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மொபெட்காரர் போனபின் பின்னாலிருந்து இன்ஜின் சத்தம் கேட்டது. முதலாளி வயரைக் கொடுத்துக் கிளப்பிவிட்டார். அப்படியே நின்றுவிட்டேன். பிடி என் பையில்தான் இருக்கிறது, தெரியும். இருந்தாலும் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். சத்தம் ஏறவில்லை, இறங்கவில்லை, ஒரே சுருதியில் நின்றது. பிறகு அடங்கிவிட்டது.

அங்கே நடந்ததை அம்மா பின்னால் சொன்னார். முதலாளி கழுத்தில் மாலையோடு ஏறி உட்கார்ந்து, கும்பிட்டு, இன்ஜினைக் கிளப்பி, இரண்டு காலுக்கு நடுவில் கையைக் கொண்டுபோனாராம். அங்கே ஒன்றுமில்லை. கீழே துழாவினாராம். சீட்டுக்கு அடியில் துழாவினாராம். இடுப்பில் சாவியைத் தொலைத்தவர் மாதிரி வேட்டி மடிப்பில்கூடத் தேடினாராம். எல்லோரும் கை தட்டிக்கொண்டே இருந்தார்களாம். கடைசியில் இன்ஜினை நிறுத்தி, இறங்கி, மைக்கை வாங்கி, "காத்து சரியில்லைங்க. எல்லாரும் சாப்பிடுங்க. அப்பறம் ஒகேனக்கல் போலாம்" என்றாராம். பந்தலில் ஓர் இலை அசையவில்லையாம்.

ஒகேனக்கல்லில் நான் வறுத்த மீன் ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பரிசல் துறைக்குப் போனேன். அங்கே ஒரு பரிசல்காரரிடம் வேலை கேட்டேன்.

"துடுப்பு போடத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"நீச்சல்?"

"கொஞ்சம்."

"வேற என்னாதான் தெரியும்?"

"எடை தெரியும்."

அவர் கூட்டத்தைக் காட்டினார். "அந்தப் பச்ச சட்ட?"

"எண்பத்தொண்ணு."

"எண்பதுன்னு நான் நெனச்சேன்," என்றார். "நாளைக்கிக் காலையில வா. ஆளுங்கள ஒக்கார வெக்கற வேல."

வேலை கிடைத்த மகிழ்ச்சியில் இன்னொரு மீன் வாங்கினேன். அப்போதுதான் இரண்டு வேனில் முதலாளியின் சொந்தபந்தம் வந்து இறங்கியது. மீன் கடைக்குப் பின்னால் ஒதுங்கினேன். முதலாளி, மனைவி, தம்பி, கொழுந்தியா எல்லோரும் அதே பரிசலில் ஏறினார்கள். பரிசல்காரருக்கு இவர் யாரென்று தெரியாது.

"அண்ணா, நீங்க ஓரத்துல வேணாம். நடுவுல வாங்க. இன்னும் நடுவுல. அக்கா, நீங்க அண்ணனுக்கு அந்தாண்ட. அய்ய, அங்க இல்லீங்க்கா, எதுத்தாப்புல. ஒரு ஆளு எறங்கணும்."

கொழுந்தியா வாயைத் திறக்காமல் எதிர்ப்புறம் நகர்ந்தார். முதலாளி நடுவில் சம்மணம் போட்டுக் குழந்தை மாதிரி உட்கார்ந்தார். தம்பியைப் பார்த்து, "எறங்குடா. தண்ணில போறவன் சொன்னா கேக்கணும்" என்றார்.

சொல்லி முடித்ததும் அவர் கண் கரைக்கு வந்தது. மீன் கடைக்குப் பின்னால் நான் சரியாக மறையவில்லை.

பரிசல் ஒரு சுற்றுப் போய் வந்தது. அவர் நனைந்த வேட்டியோடு நேராக என்னிடம் வந்தார். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

"அவன் கண்ணால பாத்து சொல்றான், நான் கேக்கறேன்," என்றார். "நீ மெஷின வெச்சு சொன்ன, நான் கேக்கல."

"நான் ஒருதபா தப்பா சொன்னவனுங்க."

"அதான்டா. அடுத்ததபா சரியா சொல்றேன்னு எப்பிடி நம்பறது?"

"என்னைய நம்பாதீங்க. எண்ணப் பாருங்க."

அவர் என் மீனில் பாதியை எடுத்துக்கொண்டார். "அது எங்க?"

பையிலிருந்து பிடியை எடுத்துக் கொடுத்தேன். பின்னையும் போல்ட்டையும் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தேன். மீன் கடை அக்கா எட்டிப் பார்த்து, "என்னாங்க அது, மீன் அடிக்கற கட்டையா?" என்று கேட்டார்.

"ஆளு அடிக்கற கட்டைங்க," என்றார் முதலாளி. "நல்ல வேள, இன்னைக்கி அடிக்கல."

எழுந்து வேட்டியைப் பிழிந்தார். "ஏறு வண்டில. அரூர் போயி அந்த ரெண்டு தராசையும் எடுத்தாரணும்."

"எனக்கு இங்க வேல கெடச்சிருக்குங்க. ஆளுங்கள ஒக்கார வெக்கற வேல. நாளைக்கிக் காலையில வரச் சொன்னாங்க."

"அம்மா போன்ல சொல்லிட்டாங்க. முன்சீட்டுல மணல் மூட்டை வெச்சு கட்டணுமாம். அப்பத்தான் கணக்கு உள்ள வருமாம். மூட்டை கட்டத் தெரிஞ்ச ஆளு எங்கிட்ட யாரு இருக்கா?"

பரிசல்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர், "மணலு எந்திரிச்சு நின்னு போட்டோ எடுக்காது. நல்ல வேல" என்றார்.

திங்கட்கிழமை, அஷ்டமி. கொட்டகையில் பந்தல் இல்லை, மேளம் இல்லை. விடிந்ததும் மூன்று தராசிலும் விமானத்தை ஏற்றினோம். மூன்றிலும் இரண்டிரண்டு கிலோ கூடுதல். நான் மூன்று முறையும் கழித்திருக்கிறேன். தலையைக் குனிந்து நின்றேன்.

"நீ சொன்னதை நான் பாக்காம எழுதினேன்," என்றார் பைலட்டம்மா. "உன் தப்பு பாதி. என் தப்பு பாதி. இனிமே ஒருத்தர் சொல்லணும், எழுதறவங்க கண்ணு எண்ணு மேல இருக்கணும்." தராசருகே ஒருவர் சொல்ல இன்னொருவர் குனிந்து பார்த்து எழுதும் பழக்கத்தைக் கண்டு நீங்கள் சிரிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது அன்று காலை வந்தது. உங்கள் வாய்க்கும் ஏதாவது ஒரு பழைய வேலையின் ராகம் பழகியிருக்கும். அது எதுவென்று உங்களுக்கே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

ஆற்று மணலைச் சலித்து மூட்டையில் போட்டுக் கோணி ஊசியால் தைத்தேன். தராசில் ஏற்றினேன். அம்மா குனிந்தார்.

"முப்பது... புள்ளி... நாலு," என்றேன், ஒவ்வொன்றாக. ராகம் வராமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சாக்கு?"

"சாக்கோடதாங்க மேடம்."

"கழிச்சியா?"

"கழிக்கலீங்க. சாக்கும் கூடத்தானே போவுது."

முன் சீட்டில் மூட்டையை உட்காரவைத்து பெல்ட் போட்டு இறுக்கினேன். நான் வானத்துக்குப் போக அதற்கப்புறம் இரண்டு வருடம் ஆனது. அந்த மூட்டை அன்றே அம்மாவோடு எனக்கு முன்னால் போனது. முதலாளி நேற்றைய வாடிய மாலையைக் கொண்டுவந்து மூட்டையின் கழுத்தில் போட்டார். அம்மா என்னைப் பார்த்தார்.

மாலையை எடுத்துத் தராசில் வைத்தேன். வாடியதில் தொள்ளாயிரத்து நாற்பது கிராம்தான் இருந்தது. சொன்னேன். அவர் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டார்.